கடலில் ஆபத்து வந்தால் ரேடியோவில் என்ன சொல்ல வேண்டும்? கடலூர், புதுச்சேரி மீனவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

வி.ஹெச்.எஃப். ரேடியோவை நம் ஊரில் வாக்கி டாக்கி என்போம், வயர்லெஸ் என்போம். வாங்கிப் படகில் மாட்டுவது பெரிய வேலையில்லை. தண்ணீர் ஏறிக்கொண்டிருக்கும் நேரத்தில் மைக்கைக் கையில் எடுத்து எந்த வரிசையில் எதைச் சொல்வது என்பதில்தான் பலரும் திணறிப் போகிறார்கள். அதுவும் படகு ஓட்டுபவருக்கு மட்டும் தெரிந்திருந்தால், அவரே கடலில் விழுந்துவிட்டால் யார் பேசுவது? படகில் ஏறும் ஒவ்வொருவருக்கும் இது தெரிந்திருக்க வேண்டும் என்று நினைத்துத்தான் இந்தக் கேள்வி பதில்களை எழுதுகிறேன்.

செல்போன் இருக்கும்போது ரேடியோ எதற்கு?

போனில் நீங்கள் கூப்பிட்டால் ஒரே ஒருவருக்குத்தான் கேட்கும். அவர் எடுக்க வேண்டும், அவருக்கு விவரம் புரிய வேண்டும், அவர் இன்னொருவருக்குச் சொல்ல வேண்டும். ரேடியோவில் பேசினால் சுற்றுவட்டத்தில் 16-ஆம் சேனலைத் திறந்து வைத்திருக்கும் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் கேட்கும். உங்களுக்குப் பக்கத்தில் யார் இருக்கிறார் என்பது உங்களுக்கே தெரியாது. இரண்டு மைல் தள்ளி காரைக்கால் படகு ஒன்று வலை இழுத்துக்கொண்டிருக்கலாம், ஒரு சரக்குக் கப்பல் போய்க்கொண்டிருக்கலாம். அவர்கள் போன் நம்பர் உங்களிடம் இருக்காது. கடலில் முதலில் வந்து தூக்குவது பெரும்பாலும் பக்கத்துப் படகுதான். அதைக் கூப்பிட ரேடியோவை விட்டால் நல்ல வழி இல்லை.

இன்னொரு காரணமும் உண்டு. போனுக்கு டவர் வேண்டும். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரை ஏறியபோது மின்சாரமும் போனும் என்ன ஆயின என்பது இந்த ஊர்க்காரர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. வி.ஹெச்.எஃப். செட்டுக்கு நடுவில் டவர் வேண்டாம். உங்கள் பேட்டரி, உங்கள் ஆன்டெனா, எதிரில் ஒரு செட், அவ்வளவுதான்.

அதற்காக போனைத் தூக்கிப் போட வேண்டாம். சிக்னல் இருந்தால் கடலோரக் காவல்படையின் 1554 எண்ணையும் கூப்பிடுங்கள். முதலில் ரேடியோ, அப்புறம் போன்.

எந்தச் சேனலில் பேச வேண்டும்?

16. உலகம் முழுக்க இதே எண், 156.8 மெகாஹெர்ட்ஸ். ஆபத்து, அவசரம், எச்சரிக்கை எல்லாவற்றுக்கும் இதுதான் முதல் வாசல். 70-ஆம் சேனல் பேசுவதற்கு இல்லை. செட்டிலுள்ள சிவப்புப் பட்டன் தானாக அனுப்பும் டிஜிட்டல் செய்திக்கு மட்டும் ஒதுக்கப்பட்டது. படகுக்குப் படகு சாதாரணமாகப் பேச 6, 8, 72, 77 போன்ற சேனல்கள் இருக்கின்றன. தேடுதல் வேலை நடக்கும்போது 6 தேவைப்படும் என்பதால், அன்றாடப் பேச்சுக்கு 72, 77 நல்லது.

எவ்வளவு தூரத்துக்குக் கேட்கும்?

வி.ஹெச்.எஃப். அலை கிட்டத்தட்ட நேர்கோட்டில் போகும். பூமியின் வளைவு மறைத்தால் தாண்டாது. அதனால் பவரைவிட ஆன்டெனா எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பதுதான் முக்கியம். இரண்டு படகுகளிலும் ஆன்டெனா 4 மீட்டர் உயரத்தில் இருந்தால் சுமார் 8, 9 நாட்டிகல் மைல் கேட்கும். கரையில் 50 மீட்டர் கோபுரத்தில் ஆன்டெனா இருந்தால் அதே படகுக்கு 20 மைல் வரை எட்டும். ஃபைபர் படகில் உட்கார்ந்தபடி கையடக்க செட்டில் பேசுவதற்கும், எழுந்து நின்று செட்டை நேராகப் பிடித்துப் பேசுவதற்கும் வித்தியாசம் நன்றாகவே தெரியும். படகுகளில் பொருத்தும் பெரிய செட்டில் 25 வாட், 1 வாட் என்று இரண்டு நிலை இருக்கும். துறைமுகத்துக்குள் 1 வாட் போதும். ஆபத்தில் 25-க்கு மாற்ற மறக்காதீர்கள்.

மேடே, பான் பான், செக்யூரிட்டே: எதை எப்போது சொல்வது?

படகுக்கோ ஆளுக்கோ உயிர் ஆபத்து, அதுவும் இப்போதே, உடனே உதவி வேண்டும் என்றால் மேடே. படகு மூழ்குகிறது, தீப்பிடித்துவிட்டது, கவிழ்ந்துவிட்டது, ஆள் கடலில் விழுந்து கண்ணுக்குத் தெரியவில்லை என்பதெல்லாம் இதில் வரும்.

நிலைமை அவசரம்தான், ஆனால் இந்த நிமிடம் உயிருக்கு ஆபத்து இல்லை என்றால் பான் பான். எஞ்சின் நின்றுவிட்டது, கடல் அமைதியாக இருக்கிறது, படகு மிதந்துகொண்டிருக்கிறது. அல்லது ஒருவருக்கு வலை இழுக்கும் வின்ச்சில் கை மாட்டி அடிபட்டுவிட்டது, டாக்டரின் யோசனை வேண்டும். இதையெல்லாம் "பான் பான், பான் பான், பான் பான்" என்று தொடங்கிச் சொல்ல வேண்டும்.

உங்களுக்கு ஆபத்து இல்லை, மற்றவர்களை எச்சரிக்க வேண்டும் என்றால் செக்யூரிட்டே. பெரிய மரக்கட்டை மிதக்கிறது, முகத்துவாரத்தில் மணல் மேடு ஏறி அலை உடைகிறது, மிதவை விளக்கு எரியவில்லை என்பதெல்லாம் இதற்குப் பொருந்தும். இதை மூன்று முறை 16-இல் சொல்லிவிட்டு, முழு விவரத்தை வேறு சேனலில் சொல்வது முறை.

எல்லை எங்கே என்ற குழப்பம் வரும். எஞ்சின் நின்ற அதே படகு, ஐப்பசி கார்த்திகையில் புயல் சின்னம் இருக்கும்போது காற்றில் அடித்துக்கொண்டு போகிறது என்றால் அது பான் பான் இல்லை, மேடே. சந்தேகம் வந்தால் மேலே உள்ளதையே சொல்லுங்கள் என்பதுதான் என் கருத்து. பிறகு நிலைமை சரியானால் ரத்து செய்துகொள்ளலாம். "கொஞ்சம் பார்ப்போம்" என்று காத்திருப்பதில்தான் பேட்டரி நனைந்து போகிறது.

சரி, மேடே எப்படிச் சொல்வது?

கடலூருக்கு நேர் கிழக்கே 18 நாட்டிகல் மைலில் 'கடல்மணி' என்றொரு விசைப்படகு இருப்பதாக வைத்துக்கொள்வோம். கற்பனைப் படகுதான். எஞ்சின் அறையில் தண்ணீர் ஏறுகிறது, படகில் 7 பேர். சேனல் 16, பவர் 25 வாட். மைக் பட்டனை அழுத்தி ஒரு விநாடி பொறுத்து, இப்படிப் பேச வேண்டும்:

"மேடே, மேடே, மேடே. திஸ் இஸ் கடல்மணி, கடல்மணி, கடல்மணி.
மேடே கடல்மணி.
பொசிஷன் ஒன் ஒன் டிகிரி ஃபோர் த்ரீ மினிட்ஸ் நார்த், ஜீரோ எயிட் ஜீரோ டிகிரி ஜீரோ ஃபைவ் மினிட்ஸ் ஈஸ்ட். ஒன் எயிட் நாட்டிகல் மைல்ஸ் ஈஸ்ட் ஆஃப் கடலூர்.
போட் சிங்க்கிங். நீட் இம்மீடியட் அசிஸ்டன்ஸ்.
செவன் பெர்சன்ஸ் ஆன் போர்டு. ப்ளூ ஃபிஷிங் போட். லைஃப் ஜாக்கெட்ஸ் ஆன்.
ஓவர்."

அழைப்புக் குறியீடோ, படகின் ரேடியோ அடையாளமான ஒன்பது இலக்க எம்.எம்.எஸ்.ஐ. எண்ணோ இருந்தால் படகுப் பெயரை அடுத்து அதையும் சொல்ல வேண்டும்.

இந்த வரிசைக்குக் காரணம் இருக்கிறது. முதல் வரியில் ஆபத்து என்று தெரிந்துவிடுகிறது, மற்றவர்கள் வாயை மூடிக்கொள்கிறார்கள். அடுத்து யார். அதற்கடுத்து எங்கே. பாதியில் செட் நின்றுபோனாலும் பெயரும் இடமும் போய்ச் சேர்ந்திருந்தால் தேடி வந்துவிடலாம். என்ன ஆயிற்று என்று நீளமாகக் கதை சொல்லிவிட்டு இடத்தைக் கடைசியில் சொல்ல நினைப்பவர்கள்தான் அதிகம். மனித இயல்பு அப்படித்தான், நடந்ததைத்தான் முதலில் சொல்ல வரும். அதனால்தான் இதை எழுதி, பிளாஸ்டிக் உறை போட்டு, செட்டுக்குப் பக்கத்திலேயே ஒட்டி வைக்கச் சொல்கிறேன். படகுப் பெயரையும் எண்ணையும் முன்கூட்டியே எழுதிவிட்டு, இடத்துக்கும் ஆட்களின் எண்ணிக்கைக்கும் மட்டும் காலி விடுங்கள்.

பேசி முடித்ததும் பட்டனை விடுங்கள். பட்டனை அழுத்திக்கொண்டே இருந்தால் பதில் உங்களுக்குக் கேட்காது. பதில் வரவில்லையா? செட் ஆன் ஆகியிருக்கிறதா, 16-தானா, பவர் சரியா என்று பார்த்துவிட்டு மறுபடி சொல்லுங்கள். உங்களுக்குக் கேட்கவில்லை என்பதால் யாருக்குமே கேட்கவில்லை என்று முடிவு கட்டாதீர்கள். பதில் வரும்வரை விட்டு விட்டுச் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும்.

இருப்பிடத்தைச் சொல்வதில் ஏன் இவ்வளவு கெடுபிடி?

ஒரு புள்ளி மாறினால் தேடுகிற இடமே மாறிவிடும் என்பதால்தான். ஜி.பி.எஸ். கருவியில் பெரும்பாலும் டிகிரியும் நிமிடமும் காட்டும்: 11 டிகிரி 43 நிமிடம். செல்போன் வரைபடம் அதே இடத்தைத் தசமத்தில் காட்டும்: 11.717. இரண்டும் ஒரே இடம். ஆனால் 11 டிகிரி 43 நிமிடத்தை ஒருவர் அவசரத்தில் "பதினொன்று பாயிண்ட் நாலு மூணு" என்று சொல்லிவிட்டால்? கேட்பவர் அதைத் தசமம் என்று எடுத்துக்கொள்வார். அது 11 டிகிரி 26 நிமிடத்துக்குப் பக்கம். 17 நாட்டிகல் மைல் தெற்கே, கிட்டத்தட்ட 32 கிலோமீட்டர். நீங்கள் கடலூருக்கு நேரே தண்ணீரில் கிடப்பீர்கள், படகு பிச்சாவரத்துக்கு நேரே தேடிக்கொண்டிருக்கும்.

அதனால் "டிகிரி", "மினிட்ஸ்" என்ற சொற்களை விடாமல் சொல்லுங்கள். எண்களைத் தனித்தனியாகச் சொல்லுங்கள். நாற்பத்து மூன்று என்பதைவிட நாலு, மூணு என்பது இரைச்சலில் தெளிவாகக் கேட்கும். கூடவே கரையிலிருக்கும் தெரிந்த இடத்திலிருந்து எந்தத் திசையில் எத்தனை மைல் என்பதையும் சேருங்கள். "கடலூரிலிருந்து கிழக்கே 18" என்று சொன்னால், எண்ணில் பிசகு இருந்தாலும் கேட்பவருக்குச் சந்தேகம் வந்துவிடும், திருப்பிக் கேட்பார். ஜி.பி.எஸ். இல்லையென்றால் புறப்பட்ட இடம், நேரம், ஓடிய திசை, தண்ணீரின் ஆழம் எத்தனை பாகம் (கடல் ஆழத்தை அளக்கும் அளவு) என்று தெரிந்ததைச் சொல்லுங்கள். நம் பெரியவர்கள் ஆழத்தையும் அடித்தரையையும் வைத்தே இடம் சொன்னவர்கள்தானே.

மிதக்கும் படகு ஒரே இடத்தில் நிற்காது. ஐப்பசியிலிருந்து மார்கழி வரை நம் கரையோர நீரோட்டம் தெற்கே இழுக்கும், மாசி பங்குனியில் வடக்கே. எனவே இடத்தோடு எத்தனை மணிக்கு அங்கே இருந்தீர்கள் என்பதையும் சொல்லுங்கள். செட் வேலை செய்யும்வரை புது இடத்தை மறுபடி மறுபடி சொல்லுங்கள்.

தமிழிலேயே சொல்லக் கூடாதா?

சொல்லலாம். மேடேயை மட்டும் மாற்றாதீர்கள். கரையில் தமிழ் தெரிந்தவர் இருக்கலாம், பக்கத்துப் படகில் கட்டாயம் இருப்பார். ஆனால் வங்காள விரிகுடாவில் போகும் சரக்குக் கப்பலின் மேல்தளத்தில் நிற்பவர் பிலிப்பைன்ஸ்காரராகவோ உக்ரைன்காரராகவோ இருப்பார். சர்வதேச விதிப்படி அவர் 16-ஐக் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார். தமிழில் பதற்றமான குரல் கேட்டால் மீனவர்கள் பேசிக்கொள்கிறார்கள் என்று விட்டுவிடுவார். "மேடே" என்றதும் அவர் பேனாவை எடுப்பார். மேலே சொன்ன ஏழெட்டு ஆங்கிலத் தொடர்களை முதலில் சொல்லிவிட்டு, அதையே தமிழில் திருப்பிச் சொல்லுங்கள். படிக்காதவர்களும் இதை மனப்பாடம் செய்துவிடலாம். பயிற்சி வகுப்புகளில் நன்றாகவே சொல்கிறார்கள்.

வேறு படகு மேடே சொல்வது எனக்குக் கேட்டால்?

முதலில் எழுதிக்கொள்ளுங்கள். பேனா இல்லையென்றால் போனில் பதிவு செய்யுங்கள், கரித்துண்டால் பலகையில் எழுதினாலும் சரி. பெயர், இடம், எத்தனை பேர், நேரம்.

உடனே குறுக்கே பேசாதீர்கள். கரைக்குப் பக்கமான கடலாக இருந்தால் கரை நிலையம் பதில் சொல்லச் சில விநாடி இடம் விடுங்கள். யாரும் பதில் சொல்லவில்லை என்றால் நீங்கள் சொல்ல வேண்டும்: "மேடே கடல்மணி, திஸ் இஸ்" என்று உங்கள் படகுப் பெயரை மூன்று முறை சொல்லி, "ரிஸீவ்டு மேடே." அந்த இரண்டு சொல் தண்ணீரில் தத்தளிப்பவருக்கு எவ்வளவு பெரிய தெம்பு என்பதை யோசித்துப் பாருங்கள். அடுத்து நீங்கள் எவ்வளவு தூரத்தில் இருக்கிறீர்கள், எத்தனை நிமிடத்தில் வர முடியும் என்று சொல்லுங்கள்.

பிறகு அந்தச் செய்தியைக் கடத்திவிட வேண்டும். இதற்குப் பெயர் மேடே ரிலே. உங்கள் குரல் கரைக்கு எட்டலாம், அவருடையது எட்டாமல் போயிருக்கலாம். "மேடே ரிலே" என்று மூன்று முறை, உங்கள் பெயர் மூன்று முறை, அதன்பின் கேட்டதைக் கேட்டபடி. இங்கே கவனம் வேண்டும். நீங்களே ஆபத்தில் இருப்பதுபோல் வெறும் "மேடே" என்று சொல்லிவிட்டால் இரண்டு படகு மூழ்குவதாக நினைத்து உதவி பிரிந்துபோகும். "ரிலே" என்ற சொல்லை விடவே கூடாது.

நீங்கள் தொலைவில் இருக்கிறீர்கள், கரை நிலையமும் பதில் சொல்லிவிட்டது என்றால் உங்கள் வேலை அமைதியாகக் கேட்டுக்கொண்டிருப்பதுதான். அதுவும் உதவிதான்.

"ஸீலான்ஸ் மேடே" என்று யாரோ சொல்கிறார்களே, அது என்ன?

மேடே நடக்கிறது, மற்றவர்கள் இந்தச் சேனலில் பேசாதீர்கள் என்ற உத்தரவு. தேடுதலை நடத்தும் நிலையமோ ஆபத்திலுள்ள படகோ சொல்லும். "ஸீலான்ஸ் ஃபீனி" என்று கேட்ட பிறகு வழக்கம்போலப் பேசலாம்.

16-இல் கொஞ்ச நேரம் மீன் விலை பேசினால் என்ன ஆகிவிடும்?

ஆள் சாகலாம். மிகைப்படுத்திச் சொல்லவில்லை. இந்த ரேடியோ எஃப்.எம். முறையில் வேலை செய்வது. இரண்டு பேர் ஒரே நேரத்தில் பேசினால் இரண்டும் கலந்து கேட்காது. வலுவான சிக்னல் பலவீனமானதை விழுங்கிவிடும். பக்கத்தில் 25 வாட்டில் மீன் விலை பேசுபவரின் குரல், தூரத்தில் கையடக்க செட்டில் மேடே சொல்பவரின் குரலை அடியோடு மறைத்துவிடும். அங்கே ஒருவர் கத்தினார் என்பதே உங்களுக்குத் தெரியாது. பாட்டுப் போடுவது, விசில் அடிப்பது, மைக் மேல் ஏதாவது பொருளை வைத்து பட்டன் அழுந்திக் கிடப்பது எல்லாம் இதே கெடுதலைச் செய்யும். மைக்கை அதன் கொக்கியில் மாட்டுங்கள். செட் வேலை செய்கிறதா என்று பார்ப்பதற்கும் 16 வேண்டாம். புறப்படும் முன்னால் பக்கத்துப் படகோடு 72-இல் பேசிப் பாருங்கள்.

சிவப்புப் பட்டன் எதற்கு? தவறி அழுத்திவிட்டால்?

டி.எஸ்.சி. என்ற டிஜிட்டல் அழைப்பு வசதியுள்ள செட்டில் மூடியைத் திறந்து சிவப்புப் பட்டனைச் சில விநாடி அழுத்திப் பிடித்தால், 70-ஆம் சேனலில் டிஜிட்டல் ஆபத்துச் செய்தி போகும். அந்த வசதியுள்ள மற்ற செட்களில் அலாரம் அடிக்கும். யாரும் ஏற்காவிட்டால் நான்கு நிமிடத்துக்கு ஒருமுறை தானாகவே திரும்பவும் அனுப்பும். ஜி.பி.எஸ். இணைத்திருந்தால் இடமும் சேர்ந்து போகும். இணைக்காமல் விட்டிருக்கும் படகுகள் உண்டு. பாதிப் பயன் அங்கேயே போய்விடுகிறது. பட்டனை அழுத்திய பிறகு 16-இல் வாயாலும் மேடே சொல்ல வேண்டும்.

அந்தச் செய்தியில் படகின் அடையாளமாகப் போவது எம்.எம்.எஸ்.ஐ. எண். இந்திய எண்கள் 419 என்று தொடங்கும். பழைய செட் வாங்கினால் அதில் முந்தைய படகின் எண் இருக்கும். அப்படியே மாட்டினால் தேடுபவர்கள் வேறு படகுக்காரர் வீட்டைத்தான் விசாரிப்பார்கள். உரிமத்தோடு சேர்த்து எண்ணையும் மாற்றிக்கொள்ளுங்கள். அது தொலைத்தொடர்புத் துறையின் டபிள்யு.பி.சி. பிரிவு வழியாக நடக்கும் வேலை.

தவறி அழுத்திவிட்டால் ஒளிய வேண்டாம். செட்டை அணைத்து மறுபடி போட்டு, 16-இல் "ஆல் ஸ்டேஷன்ஸ்" என்று மூன்று முறை கூப்பிட்டு, உங்கள் பெயரைச் சொல்லி, "கேன்சல் மை டிஸ்ட்ரெஸ் அலர்ட்" என்று நேரத்தோடு சொல்லுங்கள். தானாக முன்வந்து ரத்து செய்பவர் மீது பொதுவாக நடவடிக்கை எடுப்பதில்லை என்பது சர்வதேச வழக்கம். சொல்லாமல் விட்டால்தான் உங்களைத் தேடிக் கப்பல் புறப்படும். அந்த நேரத்தில் உண்மையாகவே மூழ்கும் ஒருவருக்கு அது கிடைக்காது.

டாட், டிரான்ஸ்பாண்டர், ஈபெர்ப் எல்லாம் ரேடியோவுக்குப் பதிலா?

பதில் இல்லை, துணை. ரேடியோ பக்கத்தில் இருப்பவரைக் கூப்பிடும், இவை செயற்கைக்கோள் வழியாகத் தூரத்தில் இருப்பவரைக் கூப்பிடும். 20 மைலுக்கு வெளியே தங்கல் (பல நாள் கடலிலேயே தங்கி மீன்பிடிக்க) போகும் படகுகளுக்கு இவற்றில் ஒன்றாவது கட்டாயம் வேண்டும்.

இஸ்ரோ மீனவர்களுக்காக உருவாக்கிய டாட் கருவி 2010 முதல் புழக்கத்தில் இருக்கிறது. தீ, படகு மூழ்குதல், ஆள் கடலில் விழுதல், மருத்துவ உதவி என்று வகை பிரித்து அனுப்பலாம். பழைய டாட்டில் செய்தி போனதா என்று நமக்குத் தெரியாத குறை இருந்தது. 2024 ஜனவரியில் வந்த இரண்டாம் தலைமுறைக் கருவியில் செய்தி கிடைத்தது என்ற பதிலும் கரையிலிருந்து வரும். ஒரு லட்சம் மீன்பிடிப் படகுகளுக்கு டிரான்ஸ்பாண்டர் பொருத்தும் மத்திய அரசுத் திட்டமும் 2024 ஆகஸ்டில் தொடங்கியது. அதில் இரு பக்கமும் குறுஞ்செய்தி அனுப்பலாம், புயல் எச்சரிக்கையும் வரும். கரையிலிருந்து பதில் வருவதுதான் பெரிய விஷயம் என்பேன். 2017 நவம்பர் இறுதியில் ஒக்கி புயல் வந்தபோது ஆழ்கடலில் இருந்த குமரி மாவட்டப் படகுகள் பலவற்றுக்குச் செய்தி சொல்ல வழியே இல்லாமல் போனது.

ஈபெர்ப் என்பது 406 மெகாஹெர்ட்ஸில் செயற்கைக்கோளுக்கு ஆபத்துச் சிக்னல் அனுப்பும் மிதவைக் கருவி. குறைந்தது 48 மணி நேரம் அனுப்பும்.

புயல் எச்சரிக்கை எந்த வழியாக வரும்?

பல வழிகள் உண்டு. கடலூர், புதுச்சேரித் துறைமுகங்களில் ஏற்றும் புயல் கூண்டு எல்லோருக்கும் தெரியும். 1, 2 என்றால் தூரத்தில். 3, 4 என்றால் நம் துறைமுகத்துக்கே. 5 முதல் 7 வரை அபாயம், 8 முதல் 10 வரை பெரும் அபாயம். 11 என்பது வானிலை மையத்தோடு தொடர்பே அறுந்துவிட்டது என்ற அறிவிப்பு. ஆனால் கூண்டு கரையில் இருப்பவருக்குத்தான் தெரியும், கடலில் இருப்பவருக்கு ரேடியோதான்.

நம் மாவட்டத்துக்குப் பெருமை சேர்க்கும் ஒன்று பலருக்குத் தெரியாது. கப்பல்களுக்கு வானிலை, கடல்வழி எச்சரிக்கைகளை எழுத்தாக அனுப்பும் நவ்டெக்ஸ் நிலையங்கள் இந்தியக் கடற்கரை முழுவதற்கும் ஏழுதான். அதில் ஒன்று பரங்கிப்பேட்டையில், போர்ட்டோ நோவோ என்ற பழைய பெயரில் இருக்கிறது. 518 கிலோஹெர்ட்ஸில் நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை ஒலிபரப்பு. நவ்டெக்ஸ் கருவி இருந்தால் நீங்கள் தூங்கினாலும் அது செய்தியை வாங்கி வைத்திருக்கும். நேரம் மட்டும் சர்வதேச நேரத்தில் இருக்கும், ஐந்தரை மணி கூட்டிக்கொள்ளுங்கள்.

ஹைதராபாத்தில் உள்ள இன்காயிஸ் மையம் அலை உயரம், கடல் கொந்தளிப்பு எச்சரிக்கைகளைத் தருகிறது. எந்த வழியாக வந்தாலும், கேட்டவர் அதை 16-இல் கூப்பிட்டு அறிவித்து, வேறு சேனலில் மற்ற படகுகளுக்குச் சொல்ல வேண்டும். ஒரு எச்சரிக்கை கடைசி ஆள்வரை போய்ச் சேர்ந்தால் என்ன நடக்கும் என்பதற்குப் புதுச்சேரியின் நல்லவாடு சாட்சி. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அங்கே வைத்திருந்த தகவல் மையத்தில் ஒலிபெருக்கி இருந்தது, அலை உயரம் சொல்வதற்காக. 2004 டிசம்பர் 26 காலை, சிங்கப்பூரில் இருந்த ஊர்க்காரர் ஒருவர் செய்தியைப் பார்த்துவிட்டுப் போனில் சொன்னார். மையத்தைத் திறந்து ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். ஊர் கரையைவிட்டு ஓடித் தப்பியது. பெரிய தொழில்நுட்பம் ஒன்றும் இல்லை. ஒரு போன், ஒரு மைக், அதைப் பயன்படுத்தத் தெரிந்த ஆட்கள்.

கடலில் இருக்கும்போது சுனாமி எச்சரிக்கை வந்தால் கரைக்கு ஓடி வரலாமா?

வரக் கூடாது. ஆழ்கடலில் அந்த அலை படகுக்கு அடியில் தெரியாமலே போய்விடும். கரையிலும் முகத்துவாரத்திலும்தான் அது கொல்லும். இன்னும் ஆழமான பக்கம் போய், எச்சரிக்கை நீங்கியது என்று ரேடியோவில் கேட்கும்வரை அங்கேயே நில்லுங்கள்.

செட்டை எப்படிப் பராமரிப்பது?

பேட்டரியை எஞ்சின் அறையின் அடித்தட்டில் வைக்காதீர்கள். தண்ணீர் ஏறினால் முதலில் நனைவது அதுதான், மேடே சொல்லும் முன்பே செட் செத்துவிடும். உயரமான, உலர்ந்த இடத்தில், முடிந்தால் ரேடியோவுக்கென்று தனிப் பேட்டரி. ஆன்டெனா ஒயரின் இணைப்பில் உப்புக்காற்று பட்டுப் பச்சை பூத்துவிடும். செட் நன்றாக இருக்கும், குரல் வெளியே போகாது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடைக்காலத்தில் படகைக் கரையேற்றிச் சீர் செய்யும்போதே இணைப்பைப் பிரித்துத் துடைத்து, தண்ணீர் புகாத டேப் சுற்றிவிடுங்கள். கையடக்க செட் ஒன்றை நனையாத பையில், லைஃப் ஜாக்கெட்டுகளோடு வைத்திருங்கள். படகைவிட்டுக் குதிக்க நேர்ந்தால் கையோடு வருவது அது ஒன்றுதான்.

வீட்டில் இருப்பவர்கள் என்ன செய்யலாம்?

வீராம்பட்டினத்திலும் தேவனாம்பட்டினத்திலும் பெண்கள் இதைத்தான் முதலில் கேட்கிறார்கள். ஒரு நோட்டில் படகின் பெயர், பதிவு எண், நிறம், எம்.எம்.எஸ்.ஐ. அல்லது டாட் எண், படகில் ஏறியவர்களின் பெயர், புறப்பட்ட நேரம், போகும் பக்கம், திரும்ப வேண்டிய நேரம் ஆகியவற்றை எழுதி வையுங்கள். கடலுக்குப் போகிறவரிடம் கேட்டு எழுதாமல் அனுப்பாதீர்கள். திரும்ப வேண்டிய நேரம் தாண்டி, ரேடியோவிலும் பக்கத்துப் படகுகளிடமும் தகவல் இல்லையென்றால் விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். 1554-ஐக் கூப்பிட்டு நோட்டில் இருப்பதைப் படியுங்கள். கடலோரப் பாதுகாப்புக் காவலரின் 1093 எண்ணுக்கும், மீன்வளத் துறைக்கும், ஊர்ப் பஞ்சாயத்துக்கும் சொல்லுங்கள். சென்னையில் உள்ள கடல் மீட்பு ஒருங்கிணைப்பு மையம் தேடுதலைத் தொடங்க இந்த விவரங்கள்தான் வேண்டும்.

படகு பிந்தி வந்து சேர்ந்துவிட்டால், அதே எண்ணைக் கூப்பிட்டு வந்துவிட்டது என்று சொல்லிவிடுங்கள். அதுவரை அவர்கள் தேடிக்கொண்டுதான் இருப்பார்கள்.